மணற்கிடங்கின் பின்னால் ஒரு கையெழுத்து

எங்கள் நிலவரைபட அலுவலகத்தைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் சொல்ல நான் விரும்பவில்லை. அது மிகவும் கண்ணியமான அலுவலகம். அங்கே கதவுகள் ஓசையின்றிச் சாத்தப்படும். இயக்குநர் அவர்கள் நடைவழியில் வரும்போது மின்விசிறிகூடச் சற்று அடக்கமாகச் சுழல்வதாக எனக்குத் தோன்றியதுண்டு. அங்கே பணியாற்றக் கிடைத்த வாய்ப்புக்கு நான் இன்றும் நன்றியுடன்தான் இருக்கிறேன். ஆனால் என் அத்தானை ஒரு மரக்கதவின் மேல் படுக்க வைத்து, இடுப்பளவு தண்ணீரில் தெருக்காரர்கள் தூக்கிச் சென்றதை நினைக்கும்போது அந்த நன்றி தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது. அது ஏன் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேல் அணை நிரம்பிவிட்டது. வியாழக்கிழமை காலை மதகுகளைத் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. திறந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டாரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும் என்று சொல்வது எங்கள் அலுவலகத்தின் கடமை. ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் சிறுசிறு கட்டங்களாக வரையப்பட்ட ஓர் அடுக்கு எங்களிடம் உண்டு. தண்ணீர் பரவக்கூடிய பரப்பு இன்னோர் அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால், எந்த வீடு தண்ணீருக்குள் விழுகிறது என்று மென்பொருள் வெட்டிப் பார்த்துப் பட்டியல் தரும். பட்டியலில் உள்ள இடத்துக்கு மட்டுமே பேருந்தும் ஆம்புலன்சும் படகும் போகும். இல்லாத இடத்துக்கு எதுவும் போகாது. அது விதி. விதியைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து கிடையாது.

என் அக்கா ஆற்றை ஒட்டிய பள்ளத்தெருவில் இருக்கிறாள். அத்தான் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர். அந்த மாதத் தொடக்கத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் ஏற்ற முடியாது. கைத்தாங்கலாக அழைத்துப் போகவும் முடியாது. ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வழி. திங்கட்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்டி. உங்க தெரு லிஸ்ட்ல இருக்கான்னு கேக்கறான். லிஸ்ட் எங்கேன்னு கேட்டா உன் ஆபீசைக் கை காட்டறான். அங்க உக்காந்து என்னதான் பண்றீங்க?"

மாலைக்குள் பட்டியல் வந்துவிடும் என்று சொன்னேன். அப்போது அதை நான் உண்மையாகவே நம்பினேன்.

கணக்கீட்டைத் தொடங்கினேன். பச்சைப் பட்டை பாதிக்கு மேல் நகர்ந்தது. பிறகு நின்றது. திரை வெளுத்தது. எந்த விளக்கமும் தராமல் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி தொடங்கினேன், மறுபடி அதே இடத்தில் மூடிக்கொண்டது. மற்ற நிரல்களை எல்லாம் மூடினேன். கோப்புகளைப் பொதுச் சேமிப்பகத்திலிருந்து என் கணினிக்கே நகலெடுத்துக்கொண்டு முயன்றேன். சற்று விரைவாகப் போய் அதே இடத்தில் செத்தது.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் மிகவும் நல்லவர். தம் பணிக்காலத்தில் ஒரு முடிவுகூட எடுத்து யாருக்கும் தீங்கு செய்ததில்லை. கணினியை அணைத்துப் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். அதை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. ஆகவே அவர் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை அணைத்துப் போடப்பட்டது. அது கோப்பில் பதியப்பட்டது. மென்பொருள் அவர் முன்னிலையிலும் மூடிக்கொண்டது. இதை அவர் தமக்கு நேர்ந்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டு இயக்குநருக்கு எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் 'வேகக் குழு' அமைக்கப்பட்டது. குழுவில் ஏழு பேர். அவர்களில் எவரும் அந்த மென்பொருளைத் திறந்தவர் இல்லை என்பதால் நடுநிலைக்குக் குறைவில்லை. கணினியைச் சுற்றிப் பலர் நிற்பதால் அது திணறுகிறது என்று குழு கருதியது. அதை உறுதிசெய்ய ஏழு பேரும் கணினியைச் சுற்றி நின்றார்கள். அறையைக் குளிர்விக்க ஆணையிட்டார்கள். எனக்கு உடல் நடுங்கியது, மென்பொருள் பழையபடியே இருந்தது. அடுத்து, நினைவகம் அதிகமுள்ள புதிய கணினி ஒன்று தேவை என்று தீர்மானித்தார்கள். அப்படி ஒன்று ஏற்கெனவே கிடங்கில் இருந்ததை அறிந்து நான் மகிழ்ந்தேன். ஆனால் அலுவலகத்தில் அதிக ஆற்றலுள்ள கருவி அதிக அதிகாரமுள்ளவரின் மேசையில்தான் இருக்க வேண்டும் என்பது மரபு. ஆகவே அது இயக்குநரின் அறைக்குப் போயிற்று. அவர் அதில் மணி பார்த்துக்கொண்டார்.

புதிய கணினி மேசையேறியதை ஒட்டி அவர் எங்களிடம் சில சொற்கள் பேசினார்.

"மென்பொருள் நின்றுவிட்டது என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அது நிதானிக்கிறது. நான் இந்த நாற்காலிக்கு வந்து சேர இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. வழியில் என்னை யாராவது அவசரப்படுத்தினார்களா? நான் யாருக்காவது பயன்பட்டேனா என்று எவராவது கேட்டார்களா? பொறுமைதான் ஐயா நிர்வாகம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைப்பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அக்காதான்.

கைதட்டல் முடிந்ததும் இருக்கைக்குத் திரும்பி, எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பின்பற்றினேன். ஊரை இரண்டாக வெட்டி ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன். ஒரு பாதி நன்றாக ஓடியது. மற்றது மூடிக்கொண்டது. மூடிக்கொண்ட பாதியை மீண்டும் இரண்டாக வெட்டினேன். இப்படி வெட்டி வெட்டிப் போனதில் கடைசியாக என் கையில் மிஞ்சியது, பள்ளத்தெருவும் அதற்கு அப்பால் மணற்கிடங்கின் பின்னாலுள்ள வெற்று நிலமும்தான். வெற்று நிலத்தில் ஒரு வீடும் இல்லை. மாடு மேயும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஆனால் அங்கே வீடுகளின் அடுக்கில் ஏதோ ஒன்று இருப்பதாகக் கணினி சொன்னது. பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் தலைமுடிச் சிக்கு போலத் தெரிந்தது. இன்னும் சற்று விலகிப் பார்த்தபோது ஒரு பெரிய சுழி, அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இன்னொரு சுழி, இரண்டையும் தாண்டி நீண்ட ஒரு வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள்.

அது இயக்குநர் அவர்களின் கையெழுத்து.

விசாரித்ததில் வரலாறு தெரியவந்தது. காகித வரைபடங்கள் இருந்த காலத்தில், 'ஒப்புதல் தரும் அதிகாரி வரைபடத்தின் மீதே கையொப்பமிட வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வரைபடம் கணினிக்குள் போனது. சுற்றறிக்கை போகவில்லை. ஆகவே ஒவ்வோர் ஒப்புதலின்போதும் கையெழுத்தை ஒளிநகல் எடுத்து, அதன் விளிம்பைக் கணினியால் வரையவைத்து, வீடுகளின் அடுக்கிலேயே ஓரிடத்தில் பதித்துவிடுவார்கள். பொதுமக்களின் வீடுகள்மேல் கையெழுத்து விழக்கூடாது என்ற பெருந்தன்மையால் வெற்று நிலங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. பூங்காவில் ஒரு முன்னாள் இயக்குநர் இருந்தார். விளையாட்டுத் திடலில் இருவர் இருந்தனர். அவர்களெல்லாம் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கையெழுத்திட்ட சாதுக்கள். நம் இயக்குநர் அவர்களுடையது அப்படிப்பட்டதல்ல. மை கசிந்த ஒவ்வொரு பிசிறும் ஒரு புள்ளியாகி, லட்சக்கணக்கான புள்ளிகள். அதுவும் தன்னைத் தானே பல இடங்களில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் கோடு. அதற்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தீர்மானிக்க முயன்றுதான் மென்பொருள் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

இதை மிகுந்த மரியாதையுடன் பிரிவுத் தலைவரிடம் தெரிவித்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னம்மா சொல்ற? டைரக்டர் கையெழுத்து சரியில்லைங்கறியா?"

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு சார். அது இருக்கற இடந்தான் சரியில்ல. அதை மட்டும் எடுத்துட்டா அரைமணி நேரத்துல லிஸ்ட் வந்துடும்."

"எடுக்கறதா? ஒப்புதலை எடுத்துட்டா அப்புறம் அந்த மேப்புக்கு ஒப்புதல் ஏது? ஒப்புதல் இல்லாத மேப்பை வச்சு லிஸ்ட் போடலாமா?"

அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். கையெழுத்தை நீக்குவதற்கு இயக்குநரிடம் ஒப்புதல் பெறலாம். பெற்றோம். ஒப்புதல் என்பதால் அதுவும் வரைபடத்தில் பதிக்கப்பட்டது. முதல் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, அதே இரண்டு சுழிகளுடன். எதை நீக்கலாம் என்று அதில் தெளிவாக இல்லாததால் எதையும் நீக்க முடியவில்லை. முன்பு பாதியைத் தாண்டி நின்ற பச்சைப் பட்டை இப்போது கால்வாசியிலேயே நின்றது.

நீக்க வேண்டாம், திருத்தலாம் என்று எண்ணினேன். குறுக்கே வெட்டிக்கொள்ளும் கோடுகளைச் சீராக்க மென்பொருளிலேயே ஒரு வசதி உண்டு. நகல் ஒன்றில் அதைச் செய்து பார்த்தேன். சுழிகள் அவிழ்ந்தன, பிசிறுகள் உதிர்ந்தன, வால் குட்டையாயிற்று. பட்டியல் இருபது நிமிடங்களில் வந்தது. பள்ளத்தெரு அதில் முதல் வரிசையில் இருந்தது. பட்டியலையும் வரைபடத்தையும் அச்சிட்டுக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் அலுவலக நடைவழியில் ஓடியது அந்த ஒருமுறைதான்.

இயக்குநர் அவர்கள் பட்டியலைப் பார்க்கவில்லை. வரைபடத்தின் மூலையைப் பார்த்தார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"உங்களோடதுதான் சார். கொஞ்சம் சீர்படுத்தியிருக்கோம்."

"என் கையெழுத்தைச் சீர்படுத்த நீங்கள் யார்? வங்கியில் இதை ஏற்றுக்கொள்வார்களா? இது போலிக் கையொப்பம். காவல்துறையில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை என்று பணிவுடன் சொன்னேன். என் கையிலிருந்த பட்டியல் வாங்கிக் கிழிக்கப்பட்டது. மூலக் கையெழுத்தின் ஒவ்வொரு வளைவையும் நான் சரிபார்த்து, எதுவும் மாறவில்லை என்று எழுதித் தர வேண்டும் என உத்தரவாயிற்று. செவ்வாய் மாலை முழுவதும் அதைத்தான் செய்தேன். அந்த இரண்டு சுழிகளையும் வாலையும் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்கு நான் தேர்ச்சி பெற்றது அப்போதுதான்.

புதன்கிழமை வேகக் குழு இறுதியாகக் கூடியது. சுமையைக் குறைத்தால்தான் மென்பொருள் ஓடும் என்பதை இப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எதைக் குறைப்பது என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதியில் இரண்டே வகைச் சுமைகள் இருந்தன. ஒன்று இரண்டு கையெழுத்துகள். மற்றொன்று பள்ளத்தெரு. பள்ளத்தெருவின் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை, ஒழுங்கற்ற வடிவம் கொண்டவை, சில தகரக் கொட்டகைகள். இயக்குநர் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்.

"வீடுகள் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இடிந்துவிடும். ஆனால் ஒப்புதல் நிலையானது. மக்கள் நம்மை நம்புவது எதனால்? கையெழுத்தால். அந்தக் கையெழுத்தையே அழித்துவிட்டு யாரைக் காப்பாற்றப் போகிறோம்? தெருவை எடுத்துவிடுங்கள். தற்காலிகமாகத்தான்."

அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். வரைபடத்திலிருந்துதானே எடுக்கிறோம், ஆற்றிலா தள்ளுகிறோம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். குழுவினர் சிரித்தார்கள். அந்தத் தெருவை நீக்குவதற்கு என் கையால் ஒரே ஒரு விசையைத் தட்ட வேண்டியிருந்தது. நான் மறுத்துவிட்டேன். பிரிவுத் தலைவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அதைத் தட்டினார். முன்பே சொன்னேனே, அவர் முடிவெடுப்பதில்லை. எடுத்த முடிவைத் தட்டுவார்.

பள்ளத்தெரு மறைந்தது. மென்பொருள் திணறித் திணறிக் கடைசிவரை ஓடியது. பட்டியல் வந்தது. அதன் தலையில், பரப்பளவில் ஊரிலேயே பெரிய கட்டடங்களாக, கதவு எண் இல்லாமல் இரண்டு இடங்கள் இருந்தன. 'முழுவதும் மூழ்கும், உயர்ந்த முன்னுரிமை' என்று மென்பொருள் குறித்திருந்தது. அவை என்னவென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் அவர்கள் பட்டியலில் கையொப்பமிட்டார்.

அக்காவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"சரி விடு. இவரு படுத்திருக்கற ரூமுக்குக் கதவு இருக்குல்ல, அதைக் கழட்டிக்கறோம்" என்றாள்.

வியாழக்கிழமை காலை மதகுகள் திறக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறையில் எனக்கு ஒரு திரை ஒதுக்கப்பட்டிருந்தது. படகுகள் ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக நகரும், போன தடம் கோடாக விழும். எட்டுப் படகுகளில் ஐந்து, பட்டியலின் முன்னுரிமைப்படி, மணற்கிடங்கின் பின்புறம் அனுப்பப்பட்டன. சிறிது நேரத்தில் படகோட்டி ஒருவரின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லைங்க. வெறும் தண்ணி. ஒரு மாடு நீந்திப் போச்சு, அவ்வளவுதான். யாரைக் காப்பாத்தணும்?"

பிரிவுத் தலைவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே பெரிய கட்டடம் இருக்கிறது, நன்றாகத் தேடுங்கள் என்று ஆணையிட்டார். தேடினார்கள். கட்டடத்தின் விளிம்பை ஒட்டித் தேடும்படி சொல்லப்பட்டதால் விளிம்பை ஒட்டியே சுற்றினார்கள். திரையில் படகுகளின் தடங்கள் முதலில் ஒரு பெரிய சுழியாகவும், பிறகு அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இன்னொரு சுழியாகவும் விழுந்தன. அறைக்கு வந்த இயக்குநர் அவர்கள் அதைக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

"பார்த்தீர்களா? மீட்புப் பணி என் கையொப்பத்தை வரிக்கு வரி பின்பற்றுகிறது. இதுதான் நிர்வாகம்."

அவர் சிற்றுண்டிக்குக் கிளம்ப, பிரிவுத் தலைவரும் பின்னால் போனார். அப்போது அக்கா அழைத்தாள். காற்றும் மழையும் அவள் குரலோடு கலந்து கேட்டன.

"ஸ்கூல் மாடியில இருக்கோம்டி. இவரைக் கதவோட தூக்கிட்டு வந்துட்டாங்க. வர்ற வழியில ரெண்டு தடவை சாய்ஞ்சுட்டாரு. வலியில பேச்சே வரல. தண்ணி மாடிப்படியில பாதி ஏறிடுச்சு. இங்கேருந்து பாத்தா உங்க படகு தெரியுது. அஞ்சு படகு. வெறும் தண்ணியில வட்டம் போட்டுக்கிட்டு நிக்குது. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, ஒருத்தனும் திரும்பல. அவனுங்களுக்குப் பைத்தியமா இல்ல உங்களுக்கா?"

நான் வயர்லெஸ்ஸை எடுத்துப் பள்ளிக்கூட மாடிக்குப் போகும்படி சொன்னேன். படகோட்டி தன் கைக்கருவியில் வந்திருந்த பட்டியலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லையே மேடம், பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனால் வேலை போய்விடும் என்றார். அவர் மீது தவறில்லை. பள்ளத்தெருவின் வீடுகளைத் திரும்ப வரைந்து சேமிக்க முயன்றேன். புதிய கட்டடம் சேர்க்க மூன்று நிலை அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும் என்று மென்பொருள் மறுத்தது. தெருக்கோடியிலிருந்து தெருவோடு சேர்ந்து மறைந்துபோன பள்ளிக்கூடத்தை ஒரு கட்டமாக வரைந்தேன். அதற்கும் மூன்று நிலை.

திரையின் ஓரத்தில் வடிவத்தின் வகையைக் கேட்கும் சிறிய பெட்டி இருந்தது. வீடு, கடை, பள்ளி, ஒப்புதல். ஒப்புதல் வகையைச் சேர்க்க எவருடைய ஒப்புதலும் தேவையில்லை, அதுவே ஒப்புதல்.

நான் சுட்டியைப் பள்ளிக்கூட மாடியில் வைத்தேன். பெரிய சுழி போட்டேன். அதன் வயிற்றைக் கிழித்து இன்னொரு சுழி போட்டேன். இயக்குநர் அவர்களின் கையெழுத்தைச் சிறிதாகப் போட எனக்குத் தெரியாது. அது மாடியைத் தாண்டி, பள்ளத்தெருவின் மறுகோடிவரை நீண்டு, இரண்டு புள்ளிகளுடன் முடிந்தது. சேமித்தேன். மைப் பிசிறு இல்லாத கோடு என்பதால் மென்பொருள் மூடிக்கொள்ளவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பட்டியலின் தலைக்கு அது தானாக ஏறியது.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்று படகோட்டியிடம் சொன்னேன். "ஸ்கூல் மாடி. அஞ்சு படகும் போங்க."

"வந்துடுச்சு மேடம், பார்த்துட்டேன். அங்கேயாவது ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க. முதல்ல கதவுமேல படுத்திருக்கறவரை எடுங்க. சாய்க்காம எடுங்க."

திரையில் ஐந்து புள்ளிகளும் சுழியை விட்டு விலகித் திரும்பின. நான் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன், காவல்துறைக்காக.

காவல்துறை வரவில்லை. மறுநாள் செய்தித்தாள்களில் பள்ளி மாடியில் நடந்த மீட்பின் படங்கள் வந்தன. அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். மூன்றாவது கையெழுத்தை இயக்குநர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் நெடுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. இக்கட்டான அந்த வேளையில் எவரையும் கலந்தாலோசிக்காமல் தாமே உடனடியாக எடுத்த முடிவு அது என்று பதிவு செய்யப்பட்டது. அவருக்கு ஒரு கேடயம் வழங்கப்பட்டது. அந்தக் கையெழுத்தை உரிய நேரத்தில் கோப்பில் பதியத் தவறியதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்பட்டது. இரண்டையும் ஒரே மேடையில் கொடுத்தார்கள். நான் நன்றி சொன்னேன்.

அத்தானுக்குக் கதவு சாய்ந்ததில் எலும்பு மறுபடி விலகி, அறுவை செய்தார்கள். இனிமேல் சாரம் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளத்தெருவை வரைபடத்தில் திரும்பச் சேர்க்கும்படி தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். அக்காதான் அலைந்தாள். எங்கள் அலுவலகம் மிகக் கண்ணியமாகப் பதில் அனுப்பியது. குறிப்பிட்ட அந்த இடத்தில் இயக்குநர் அவர்களின் கையொப்பம் உள்ளதாகவும், கையொப்பத்தின் மீது வீடுகளை வரைய இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது.

அக்கா அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அப்ப அடுத்த தடவை தண்ணி வந்தா?"

"படகு வரும்கா. கையெழுத்தைக் காப்பாத்த வருவாங்க. நீங்க எல்லாரும் அதுக்குள்ள போய் நின்னுக்கோங்க."